எண்பத்து நான்கு அளவுகள்

மனுஷனுக்கு நெஞ்சில் எக்கோ எடுப்பது போல இரும்புக்கு எக்கோ எடுப்பது அவள் வேலை. கப்பலின் தகட்டில் ஒரு துளி ஜெல்லைத் தடவி, கட்டைவிரல் அளவுள்ள கருவியை வைத்து அழுத்துவாள். ஒலி தகட்டுக்குள் போய் மறுபக்கத்தில் முட்டித் திரும்பி வரும். தகடு இன்னும் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது என்று கையிலிருக்கும் மீட்டர் சொல்லிவிடும். இருபது வருஷமாக இதைத்தான் செய்கிறாள். அதனால் கப்பல் பழுதுபார்க்கும் டாக்கில் வெல்டர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவள் 'எக்கோ அக்கா'. அவளைவிடப் பத்து வயது மூத்த டாக் மாஸ்டர்கூட வாய்கூசாமல் அப்படித்தான் கூப்பிடுவார்.

அவள் கணவருக்கும் அதே கம்பெனி, அதே தொழில். அவளுக்கு ஐந்து வருஷம் சீனியர். அவர் கையெழுத்துக்குத் துறைமுகத்தில் தனி மரியாதை. "அவர் பார்த்துட்டாரா? அப்ப சரி" என்று கேப்டன்கள் ரிப்போர்ட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஃபைலில் வைப்பார்கள். எட்டு மாதத்துக்கு முன்பு முட்டிவலி என்று சொல்லி ஆபீஸ் நாற்காலிக்கு மாறிக்கொண்டார். அவர் பார்த்துவந்த கப்பல்கள் அவள் தலையில் வந்து விழுந்தன. அதில் ஒன்றுதான் இந்தச் சிவப்புக் கப்பல்.

இது சரக்குக் கப்பல் இல்லை. விஞ்ஞானிகளை ஏற்றிக்கொண்டு துருவத்துப் பனிக்கடலுக்குப் போய்வரும் ஆராய்ச்சிக் கப்பல். இதன் முன்பக்கம் கரண்டியின் அடிப்பக்கம் போல வளைந்திருக்கும். உறைந்த கடலின் மேல் ஏறி உட்கார்ந்து, தன் கனத்தாலேயே பனியை நொறுக்கிக்கொண்டு போகும். வயிற்றில் கடலின் அடியை ஒலியால் படம் பிடிக்கிற கருவி, நடுவில் ஆறு ஆய்வுக்கூடம், தோண்டியெடுத்த பனித்தூண்கள் உருகாமல் ஊர் வந்து சேர ஒரு பெரிய ஃப்ரீசர் அறை, பின்னால் கருவிகளைக் கடலில் இறக்கி ஏற்ற நாலு கிலோமீட்டர் கம்பி சுற்றிய வின்ச்சுகள். அந்த வின்ச்சுகளையும் அதன் மோட்டார்களையும் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரீஷியன் அவளுடைய சொந்தத் தம்பி. "கப்பல்ல பாதிப் பேர் டாக்டர்க்கா. ஆனா ஊசி போடத் தெரிஞ்சவர் ஒருத்தர்தான்" என்பான்.

கப்பல் ட்ரை டாக்கில் ஏறிய நாலாம் நாள். கிளம்ப இன்னும் பத்தொன்பது நாள்தான் பாக்கி. காலையில் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவளிடம் கணவர் சொன்னார்:

"வெளிப்பக்கம் மட்டும் எடுத்தாப் போதும். முன் டேங்க் நான் போன வருஷம்தான் உள்ள இறங்கிப் பார்த்தேன். ரூல்படி இந்த வருஷம் தேவையில்ல."

"சரிங்க" என்றாள். அவருக்குத் தெரியாத ரூலா?

தண்ணீர் வற்றிய டாக்கின் தரையில், கட்டைகளின் மேல் ஆறுமாடிக் கட்டடம் போல நின்றது கப்பல். உயர்த்தும் மேடையில் ஏறி முன்பக்கத் தகட்டை அளந்துகொண்டே போனாள். மீட்டரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முப்பத்தேழு, முப்பத்தெட்டு, முப்பத்தேழரை. கனம் அப்படியே இருந்தது. ஆனால் ஓரிடத்தில் தகடு உள்வாங்கியிருந்தது. பனியில் இடித்து இடித்துப் போகிற கப்பலுக்குச் சொட்டை விழுவது புதிதில்லை. அவள் கையுறையைக் கழற்றிவிட்டு அதன்மேல் உள்ளங்கையை ஓட்டினாள்.

தகட்டுக்குப் பின்னால், ஒரு முழத்துக்கு ஒன்றாக விலா எலும்பு மாதிரி இரும்புச் சட்டங்கள் நிற்கும். அவைதான் தகட்டைத் தாங்குபவை. சொட்டை விழுந்தால் விலா இருக்கிற இடம் மேடாகவும் இல்லாத இடம் பள்ளமாகவும், பட்டினி கிடந்த குதிரையின் வயிறு போலத் தெரியும். இங்கே அப்படி இல்லை. சொட்டை ஒரே வழவழப்பாக, தாம்பாளம் போல, நாலு மீட்டர் நீளத்துக்குக் கிடந்தது.

விலா எங்கே போச்சு?

ரூல் சொன்னதோ இல்லையோ, அவளுக்கு மனசு கேட்கவில்லை. காற்றைச் சோதிப்பவரைக் கூப்பிட்டு முன் டேங்கின் மூடியைத் திறக்கச் சொன்னாள். கப்பல் நிலையாக நிற்பதற்காகக் கடல்தண்ணீர் ஏற்றி வைக்கும் டேங்க் அது. அவர் மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்துவிட்டு, "மூச்சு விடலாம் அக்கா" என்று தாளில் நேரம் எழுதிக் கொடுத்தார். இடுப்பளவே அகலமான ஓட்டைக்குள் கால் விட்டு, தோளைக் குறுக்கி, ஏணியில் இறங்கினாள். உள்ளே ஈரத் துருவின் வாசனை. கணுக்கால் வரை சேறு.

தலைவிளக்கின் வெளிச்சத்தை முன்பக்கம் திருப்பியபோது முதலில் அவளுக்குப் புரியவில்லை. விலாக்கள் இருந்தன. ஆனால் காற்றில் சாய்ந்த வேலி போல ஒரு பக்கமாகச் சரிந்து நின்றன. கிட்டே போனாள். விலாவும் தகடும் சேர்கிற இடத்தில் வெல்டிங் இருக்க வேண்டும். அங்கே இருட்டு இருந்தது. அந்த இருட்டுக்குள் விரலை விட்டாள். நாலு விரலும் போயின. உள்ளங்கை போனது. மணிக்கட்டு வரை போய்க் கையைத் திருப்பவும் முடிந்தது.

விலாவுக்கும் தகட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். ஒன்பது விலா. கிழிந்த வெல்டிங் முழுக்கத் தடித்த பழந்துரு. நேற்றுக் கிழிந்ததில்லை, போன பயணத்தில் கிழிந்ததும் இல்லை. மூன்று வருஷமாவது ஆகியிருக்கும்.

அப்படியானால் போன வருஷம் உள்ளே இறங்கிப் பார்த்தவர்?

வெளிச்சத்தைச் சுவர்களில் ஓட்டினாள். அளவு எடுக்குமிடத்தில் பெயிண்டைக் காசளவுக்குச் சுரண்டுவார்கள். பக்கத்தில் மஞ்சள் மார்க்கரால் தேதி போடுவார்கள். தேதி இருந்தது. அவள் கணவரின் கையெழுத்தேதான், ஏழுக்குக் குறுக்கே கோடு போடும் அதே பழக்கம். ஆனால் அது நாலு வருஷத்துக்கு முந்தைய தேதி. அதற்குப் பிறகு ஒரு சுரண்டல் இல்லை, ஒரு கோடு இல்லை. 

 ஏணியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாளோ, மேலிருந்து காற்றுக்காரர், "அக்கா, என்ன சத்தத்தையே காணோம்? உயிரோடதான் இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்தபிறகுதான் ஃபோனை எடுத்துப் படம் பிடித்தாள். 

வெளியே வந்து டாக் தரையில் ஒரு மரக்கட்டையின் மேல் உட்கார்ந்தாள். தம்பி தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுக் கையில் ஒரு வயர்சுருளோடு வந்தான்.

"என்னக்கா, பேயடிச்ச மாதிரி உக்காந்திருக்க? சாப்பிட்டியா?"

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். போன பயணத்தில் இந்தக் கப்பல் பதினோரு நாள் பனியில் மாட்டிக்கொண்டது. பின்னால் போவது, முன்னால் வந்து இடிப்பது, மறுபடி பின்னால் போவது. ஊருக்கு வந்த அன்று அதை அவன் கதை கதையாகச் சொன்னான். "ராட்சசன் பல்லை நறநறன்னு கடிக்கிற மாதிரி சத்தம்க்கா. என் கேபின் சுவருக்கு அந்தப் பக்கம்தான் டேங்க். பயத்துல பக்கத்துக் கட்டில்காரன் தெரிஞ்ச சாமி பேரெல்லாம் சொல்லித் தீர்த்துட்டு, தெரியாத சாமியையும் கூப்பிட ஆரம்பிச்சுட்டான்" என்றதும் வீடே சிரித்தது. அவள் கணவர் மட்டும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கைகழுவப் போனார். வயிறு சரியில்லை என்றார்.

கப்பலில் போகிறவர்கள் அறுபத்தெட்டுப் பேர். அவர்களுக்கும் அந்தக் கடலுக்கும் நடுவே தாங்குவாரில்லாத ஒரு தகடு.

"ஒண்ணுமில்லடா. நீ போ" என்றாள்.  காற்றுக்காரரிடம், "டேங்கை மூடாதீங்க. யாரையும் உள்ள விடாதீங்க. நான் வந்து டாக் மாஸ்டர்கிட்ட பேசறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

கம்பெனி ஆபீஸ் டாக் கேட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மருந்துக்கடைக்கு மேலே. தலையில் ஹெல்மெட்டும் இடுப்பில் பெல்ட்டும் தொங்க, முழங்கால் வரை சேற்றோடு அவள் போவதை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அது உறைக்கவில்லை. மாடியேறி நேராக அலமாரியைத் திறந்து, போன வருஷத்து ஃபைலையும் நாலு வருஷத்துக்கு முந்தைய ஃபைலையும் உருவினாள். முன் டேங்க், எண்பத்து நான்கு அளவுகள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பழைய தாளில் முப்பத்தெட்டு என்றால் புதியதில் முப்பத்தேழு புள்ளி ஒன்பது. பழையதில் முப்பத்தேழு புள்ளி ஆறு என்றால் புதியதில் முப்பத்தேழு புள்ளி நாலு. எண்பத்து நான்கும் அப்படியே, கொஞ்சம் கொஞ்சம் குறைத்து, வீட்டுப்பாடம் காப்பியடித்தது போல.

கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"முன் டேங்க்ல இறங்கினீங்களா?"

அவர் பேனாவை வைக்கவில்லை. "ஏன் கேக்கற?"

"இறங்கினீங்களா, இல்லையா?"

"இறங்கினேன். காலையிலதானே சொன்னேன்?"

இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவர் அவள் கண்ணைப் பார்த்துச் சொன்ன முதல் பொய் அது. காலையில் சொன்னதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. ஃபோனை மேஜையில் வைத்துத் தள்ளினாள். படத்தில் அவள் கை, மணிக்கட்டு வரை இருட்டுக்குள்.

அவர் படத்தைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாத முகம் வேறு யாருடையதோ போல இருந்தது.

"எத்தனை விலா?" என்று கேட்டார்.

"ஒன்பது."

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு மேஜையைப் பார்த்தபடியே சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன்பு வேறொரு கப்பலின் அடி டேங்கில், தகட்டுத் துவாரம் ஒன்றில் நுழையும்போது இடுப்பு மாட்டிக்கொண்டது. அதே நேரத்தில் விளக்கும் அணைந்தது. நாற்பது நிமிஷம். வெளியே இழுத்துப் போட்டபிறகு தண்ணீர் குடித்தார், சிரித்தார், வீட்டுக்கு வந்தார். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த கப்பலில் மூடியைத் திறந்து ஒரு காலை உள்ளே விட்டதும் உடம்பு மறுத்துவிட்டது.

"மனசு இறங்குன்னு சொல்லுது. கால் வரமாட்டேங்குது. வேர்த்துக் கொட்டுது. கண்ணு இருட்டுது. நாளைக்குச் சரியாயிடும், நாளைக்குச் சரியாயிடும்னு..."

"முட்டிவலி?"

"முட்டியில ஒண்ணுமில்ல."

அவளுக்குச் சட்டென்று வேறொன்று தோன்றியது. 

"இந்த ஒரு கப்பல் மட்டும்தானா?"

அவர் கழற்றிய கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார்.

"கேக்கறேன் இல்ல? எத்தனை கப்பல்?"

"ஏழு."

 தெருவில் யாரோ ஷட்டரை இழுத்துவிட்ட சத்தத்தில் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பதினோரு நாள் என் தம்பி அதுக்குள்ள இருந்தான்."

"தெரியும். தினமும் மேப்ல கப்பல் எங்க இருக்குன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். பதினோரு நாளும் நான் தூங்கல."

"தூங்கலையா?" அவள் குரல் கிழிந்தது. "உங்களை யாரு தூங்க வேண்டாம்னாங்க? ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே! இடிக்காதீங்க, அந்த டேங்கை நான் பார்க்கலன்னு ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை!"

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவள் ஃபைல்களை அடுக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள். பாதிப் படியில் பின்னால் காலடி கேட்டது.

"நானே சொல்றேன்" என்றார். அவள் திரும்பவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

டாக் மாஸ்டரின் அறையில் பயணத்தின் தலைமை விஞ்ஞானி உட்கார்ந்து சாமான் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஒல்லியான பெண்மணி. கப்பல்காரர்களுக்குப் 'பனியம்மா'. தம்பி ஏதோ மோட்டாருக்குக் கையெழுத்து வாங்க நின்றுகொண்டிருந்தான். அவனை வெளியே போகச் சொல்லலாமா என்று அவள் யோசிப்பதற்குள் கணவர் பேச ஆரம்பித்துவிட்டார். சுற்றிவளைக்கவில்லை. "போன வருஷம் முன் டேங்குக்குள்ள நான் இறங்கல. ரிப்போர்ட் பொய். உள்ள ஒன்பது விலா கழண்டிருக்கு."

டாக் மாஸ்டர் சிரித்தார். "எக்கோ அக்கா, என்ன இது, ரெண்டு பேரும் சேர்ந்து விளையாடறீங்களா?" யாரும் சிரிக்காததைப் பார்த்து அவர் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் ஃபோனை நீட்டினாள். படம் கைமாறிக் கைமாறிப் போனது. பனியம்மா அதை மூக்கருகே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"சரிபண்ண எவ்வளவு நாள்?"

"தகட்டை வெட்டணும், ஒன்பதையும் புதுசா வைக்கணும். அம்பது நாளாவது" என்றார் டாக் மாஸ்டர், தன் குரலையே நம்பாதவர் போல.

"அதுக்குள்ள கடல் உறைஞ்சு மூடிடும்" என்றார் பனியம்மா. கடலடியில் மூன்று கருவிகளைப் போட்டுவிட்டு வந்திருந்தார். இரண்டு வருஷமாகத் தண்ணீரின் சூட்டையும் உப்பையும் மணிக்கு மணி குறித்துக்கொண்டு அவை அங்கே கிடந்தன. பேட்டரி இந்தப் பருவத்தோடு முடியும். ஆனால் அவர் அழுதது அதற்காக இல்லை.

"மாட்டிக்கிட்டப்ப, இன்னும் இடிக்கலாமான்னு கேப்டன் என்கிட்டதான் கேட்டார். நான்தான், இடிங்க, இன்னும் ரெண்டு தடவை இடிங்கன்னு சொன்னேன். எனக்குக் கருவிதான் பெரிசாத் தெரிஞ்சுது..." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. பட்டியல் தாள் மடியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தது.

தம்பி கையிலிருந்த தாளை மடித்தான், மறுபடி மடித்தான், நகம் அளவுக்கு வரும்வரை மடித்தான்.

"நான் போய்ப் பார்க்கணும்" என்றான்.

"நானும் வர்றேன் மாப்ள" என்றார் அவள் கணவர்.

அவன் அவரை ஏறிட்டுப் பார்த்தான். "நீங்கதான் உள்ள வரமாட்டீங்களே மாமா."

திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

ஆனாலும் அவர் போனார். எல்லோரும் போனார்கள். தம்பி முதலில் இறங்கினான், பின்னால் டாக் மாஸ்டர். கணவர் ஓட்டையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை உள்ளே விட்டார். அடுத்த காலைத் தூக்கினார். அப்படியே நின்றார். கழுத்து நரம்பு புடைத்தது. சட்டை முதுகோடு ஒட்டியது. தாடை கடகடவென்று அடித்துக்கொள்வது அவளுக்குக் கேட்டது. உள்ளேயிருந்து தம்பியின் குரல் எதிரொலித்து வந்தது: "ஐயோ. ஐயோ, அக்கா, என் கை உள்ள போகுது..." அதைக் கேட்டதும் அவர் கால் மடங்கி, விளிம்பிலேயே சரிந்து உட்கார்ந்தார். காற்றுக்காரர்தான் ஓடிவந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். அவள் நகரவில்லை. அவர் சொன்னது பொய்யில்லை என்பதைக் கண்ணால் பார்த்தாள். அது அவள் கோபத்தைக் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. மூன்று வருஷமாக ஒரே கட்டிலில் இந்த உடம்புக்குப் பக்கத்தில்தானே படுத்தேன் என்று மட்டும் தோன்றியது.

அன்று சாயங்காலத்துக்குள் மற்ற ஆறு கப்பல்களுக்கும் தகவல் போனது. இரண்டு நடுக்கடலில் இருந்தன. அவற்றை மெதுவாக அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். நாலு கப்பலின் டேங்குகளில் அவளே இறங்கினாள்.  ஒன்றில் துரு, ஒன்றில் ஒரு சின்ன விரிசல். மற்றதெல்லாம் நன்றாகவே இருந்தது. உயிர் போய் உயிர் வந்தது.

விசாரணை ஒரு மாதம் நடந்தது. கணவர் எதையும் மறைக்கவில்லை. உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். இனி ஆயுளுக்கும் எந்தக் கப்பலிலும் அவர் கையெழுத்துப் போட முடியாது. அவளையும் கூப்பிட்டார்கள். நீளமான மேஜைக்குப் பின்னாலிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்: "ஒரே வீடு, ஒரே தொழில். மூணு வருஷமா உங்களுக்குச் சந்தேகமே வரலையா அம்மா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். லிஃப்ட் இருக்கிற கட்டடத்தில் ஐந்து மாடி படியேறுவார், உடம்புக்கு நல்லது என்பார். குளியலறைக் கதவைத் தாழ் போடமாட்டார். எல்லாம் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

"வரலை சார்" என்றாள்.

கப்பல் அந்தப் பருவத்தைத் தவறவிட்டது. வேறு நாட்டு ஆராய்ச்சிக் கப்பல் ஒன்று அந்த வழியாகப் போனபோது, பனியம்மா கெஞ்சிக் கேட்டதற்காக நின்று தேடியது. மூன்று கருவிகளில் ஒன்று மேலே வந்தது. இரண்டு வரவில்லை.

கணவர் ஒரு மனநல மருத்துவரிடம் வாரம் ஒருமுறை போய்வந்தார். அவள் கூடப் போகவில்லை, போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரே வீட்டில் சமைத்தார்கள், சாப்பிட்டார்கள். தேவைக்குப் பேசிக்கொண்டார்கள். தம்பி அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அக்காவை டாக்கிலேயே பார்த்துப் பேசிவிட்டுப் போவான். மாமா என்ற சொல் அவன் வாயில் வரவில்லை.

அடுத்த பருவம் வந்தது. புது விலாக்களோடு கப்பல் தண்ணீரில் இறங்கியது. ஒவ்வொரு விலாவையும் அவளே இரண்டு முறை பார்த்திருந்தாள். கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் வாசல்மணி அடித்தது. அவள் அடுப்பில் கை வேலையாக இருந்ததால் கணவர்தான் போய்த் திறந்தார். வெகுநேரம் பேச்சே கேட்காமல் அவள் எட்டிப் பார்த்தாள். வாசலில் தம்பி நின்றுகொண்டிருந்தான். கதவு தட்டாமல் நுழைந்து, நேராகச் சமையலறைக்கு வந்து பாத்திர மூடியைத் திறந்து பார்ப்பவன், முதல் தடவை வரும் விருந்தாளி போலத் தோள்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

"உக்காரட்டுமா?" என்று கேட்டான்.

அந்த வீட்டில் அவன் அப்படிக் கேட்பான் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. கரண்டியைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"உக்காரு மாப்ள" என்றார் கணவர். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். அவன் உட்கார்ந்தான். பையை மடியிலிருந்து இறக்கி வைக்கவில்லை.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு மூன்று தட்டை எடுத்து வைத்தாள்.